யாராவது கத்தட்டும்

"நான் செஞ்சது ஏதாவது நிக்குமாம்மா?"

வந்ததும் வராததுமாகத் தெய்வசிகாமணி கேட்ட கேள்வி இது. செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று வாசலில் கிடந்தது, ஒன்று காலிலேயே இருந்தது.

மடத்தம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இன்னொண்ணையும் கழட்டிட்டு வா."

வயது என்று பார்த்தால் தெய்வசிகாமணிதான் மூத்தவர். பத்துப் பன்னிரண்டு வருஷம் மூப்பு இருக்கும். ஆனால் அந்த மலையடிவாரத்து மடத்தில் மடத்தம்மா எல்லாரையும் நீ என்றுதான் பேசுவார். கலெக்டர் வந்தாலும் அதே கதிதான். பிடிக்காதவர்கள் வருவதில்லை. பிடித்தவர்கள் மாசத்துக்கு ஒரு தடவையாவது வந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள். இவர் இரண்டாவது ரகம்.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். கையில் இருந்த செல்போனை மட்டும் கீழே வைக்கவில்லை.

"கையில என்ன, கோழிக்குஞ்சா? இப்படிப் பொத்திப் பிடிச்சிருக்கே."

"போன் வரணும்மா."

"யாருகிட்டேருந்து?"

"தெரியாது. யாராவது கத்தணும். அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

கீரை உருவின கை நின்றது.

விஷயம் இதுதான். தெய்வசிகாமணி ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் முடி கொட்ட உழைப்பவர். ஆஸ்பத்திரிகளுக்கும் ரத்த வங்கிகளுக்கும் நடுவே ஓடுகிற புரோகிராம் ஒன்றை எழுதியவர். ஒரு ஆஸ்பத்திரி ரத்தம் வேண்டும் என்று கேட்டால், பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று அது தேடும். அங்கே தகவல் சொல்லி வண்டியில் ஏற்ற வைக்கும். கல்யாணத்துக்கு முன்னால் எழுத ஆரம்பித்தது, மகள் காலேஜ் முடிக்கிறவரை ஓடியது. இப்போது கம்பெனி புதுசாக ஒன்று கொண்டுவந்துவிட்டது. பழையது ஓடிய சர்வரை, அதாவது அந்தப் பெரிய கம்ப்யூட்டரை, இன்று காலையில் நிறுத்திவிட்டார்கள்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பழைய சர்வரை யார் யாரெல்லாம் நம்பியிருக்கிறார்கள் என்று முழுசாக ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாரையும் புதுசுக்கு மாற்றியாயிற்று என்று தோன்றியதும், அதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். யாராவது போன் போட்டுக் கத்தினால், அடடா, இவர் ஒருத்தர் பாக்கியா என்று திரும்பப் போடுவார்கள். ஒருத்தரும் கத்தாவிட்டால் சர்வரைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

"காலையிலேருந்து ஒருத்தர்கூடக் கத்தலைம்மா," என்றார் தெய்வசிகாமணி. "பயமா இருக்கு. கிணறு வெட்டினவன் கிணத்த விட்டுட்டுப் போறான். ரோடு போட்டவன் ரோட்ட விட்டுட்டுப் போறான். நான் செஞ்சது ஒரு சுவிட்ச அமுக்கினா போச்சு. நான் இருந்தேங்கறதுக்கே அடையாளம் இல்ல. அது இல்லாம முடியலையேன்னு ஒரே ஒருத்தர் கத்திட்டாப் போதும்."

"கத்தினா?"

"நான் இருந்திருக்கேன்னு அர்த்தம்."

மடத்தம்மா கீரைக் காம்பு ஒன்றை எடுத்துத் தூரப் போட்டார்.

"எல்லாரையும் புதுசுக்கு மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு."

சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிப் பார்த்தார்.

பொய். ஒன்று பாக்கி இருந்தது. ஏழுகுடிமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வருஷங்களுக்கு முன்னால் தெய்வசிகாமணியே ஜீப்பில் ஏறிப் போய், அங்கேயே தங்கி, அதற்கென்று புரோகிராமில் தனி வழி ஒன்று எழுதிச் சேர்த்துவிட்டு வந்தார். கம்பெனியில் வேறு யாருக்கும் அது தெரியாது. மாற்றவேண்டிய ஆஸ்பத்திரிகளின் பெயர்களைக் கூட வேலை பார்க்கும் ஷபானா மீட்டிங்கில் ஒவ்வொன்றாகச் சொன்னபோது, ஏழுகுடிமலை வரவில்லை என்று அவருக்கு உடனே உறைத்தது.

வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

அது ஒன்றாவது கத்தட்டுமே என்று மனசின் ஒரு ஓரத்தில் தோன்றிவிட்டது. அவ்வளவுதான். கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். ஆனால் மலைமேல் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதானே.

மடத்தம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"வா. ஒரு வேலை இருக்கு."

சமையல்கட்டுக்கு முன்னால் ஓடு வேய்ந்த சாய்ப்பு ஒன்று இருந்தது. போன மழையில் அது ஒரு பக்கமாக இறங்கிவிட, சவுக்குக் கம்பு ஒன்றை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அப்புறம் பக்கத்திலேயே இரும்புத் தூணும் நட்டாயிற்று. சவுக்கை எடுக்கத்தான் ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. பாரம் இரும்புக்கு மாறிவிட்டதா, இன்னும் சவுக்குதான் தாங்குகிறதா, யார் கண்டது.

சாய்ப்புக்கு அடியில் சமையல்கார அஞ்சலை உட்கார்ந்து பரங்கிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

மடத்தம்மா மூலையில் கிடந்த சம்மட்டியை எடுத்துத் தெய்வசிகாமணி கையில் திணித்தார்.

"அந்தச் சவுக்கத் தட்டிவிடு. அது வேணுமா வேண்டாமான்னு பார்த்திடுவோம்."

தெய்வசிகாமணி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் சம்மட்டியைப் பிடித்தார். ஓட்டைப் பார்த்தார். அடியில் இருந்தவளைப் பார்த்தார்.

"முதல்ல அந்தம்மாவ எழுந்திரிக்கச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? ஓடு தலையில விழுந்தா?"

"விழட்டும். அவ அடியில இருந்தாத்தானே கத்துவா. கத்தினாத்தானே இந்தச் சவுக்கு இத்தனை நாள் தாங்கினது நமக்குத் தெரியும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்பே இல்லை.

"அடிப்பா. சவுக்குக்கும் ஆசை இருக்காதா?"

சம்மட்டி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. கால் கட்டைவிரல் தப்பியது அவர் செய்த புண்ணியம்.

அஞ்சலை நிமிர்ந்து பார்த்தாள்.

"காப்பி வேணுமா, சாமி?"

தெய்வசிகாமணி பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தார்.

"போன் வந்துச்சா?" என்று கேட்டார் மடத்தம்மா.

"வராதும்மா."

அது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. ஏழுகுடிமலையில் யாரும் கத்தமாட்டார்கள். கத்த வேண்டும் என்றே தோன்றாது. ரத்தம் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் நர்ஸுக்குக் கம்ப்யூட்டர் திரையில், "தேடிக்கொண்டிருக்கிறோம், பொறுங்கள்" என்று ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கும். பதில் வரத் தாமதமானால் அவர்கள் பதறக்கூடாதே என்று அந்த வரியை வைத்ததே இவர்தான். அதை நம்பி நர்ஸ் பொறுத்திருப்பாள். ரத்தத்துக்காகக் கட்டிலில் கிடப்பவரும் பொறுத்திருப்பார்.

காலையிலிருந்து ஆட்டிவைத்த பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. இது வேறு பயம்.

பையிலிருந்து போனை எடுத்து ஷபானா எண்ணை அழுத்தினார். அவசரத்தில் முதல் தடவை வேறு யாருக்கோ போயிற்று. மறுபடி அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. எடும்மா, எடும்மா என்று முணுமுணுத்தார். இவ்வளவு பக்தியாக அவர் எந்தச் சாமியையும் கூப்பிட்டதில்லை.

"சொல்லுங்க சார்," என்றாள் ஷபானா. "இங்க எல்லாம் அமைதியா இருக்கு. ஒரு கால்கூட வரலை."

"சர்வரைத் திரும்பப் போடு."

"சார்?"

"போடும்மா. கேள்வி அப்புறம். ஏழுகுடிமலை ஆஸ்பத்திரி இன்னும் அதுலதான் இருக்கு. எனக்குத் தெரியும். மீட்டிங்லயே தெரியும். சொல்லாம விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம், விசைப்பலகைச் சத்தம். தெய்வசிகாமணி கண்ணை மூடிக்கொண்டார். அஞ்சலையின் அரிவாள்மணைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"போட்டுட்டேன் சார்."

"ரத்தம் கேட்டு ஏதாவது வந்து நிக்குதா?"

"இருங்க." அவள் குரல் மாறியது. "நிக்குது சார். ஏழுகுடிமலைதான். பிரசவ கேஸ். அரை மணி நேரமா கேட்டுக்கிட்டே இருந்திருக்கு."

"வண்டி?"

"இப்பத்தான் சொல்லியிருக்கு. கிளம்பிடும்."

"நேரத்துக்குப் போயிடுமா?"

"தெரியலை சார்."

மடத்தம்மா அஞ்சலையின் தோளைத் தொட்டு, பரங்கிக்காயோடு அவளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். இவர் பக்கம் திரும்பவில்லை.

"ஷபானா, இன்னிக்கே அந்த ஆஸ்பத்திரியையும் புதுசுக்கு மாத்திடு. தனி வழி எப்படிப் போகுதுன்னு நான் வந்து காட்டறேன். மாத்தினதும் பழையதக் கழட்டிடு."

"உங்க சர்வர் சார் அது."

"கழட்டிடு."

"சரி சார்." விசைப்பலகைச் சத்தம் மறுபடி கேட்டது. "திரும்பப் போட்டதுக்குக் காரணம் எழுதணும் சார். கத்தினது யாருன்னு அந்த ஃபார்ம்ல கேக்குது. ஆஸ்பத்திரியிலேருந்து யாரும் கூப்பிடவே இல்லையே. யார் பேரப் போட?"

தெய்வசிகாமணி சவுக்குக் கம்பைப் பார்த்தார்.

"என் பேரப் போடு."