பொட்டு வைத்த டிஸ்க்

"ஆச்சி, பாதியைத் தின்னது யாரு?"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சேவுகப்பெருமாள் கேட்டுவிட்டார். கையில் பழைய போர்வையில் சுற்றிய ஒரு பொட்டலம். உள்ளே இருப்பது ஒரு சர்வர். தேவகோட்டையிலிருந்து காரைக்குடிவரை ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார் மனுஷன்.

ஆச்சி என்றதும் நரைத்த தலையைத் தேட வேண்டாம். உமையாளுக்கு வயது இருபத்தொன்பது. அந்தப் பக்கம் நகரத்தார் வீட்டுப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒரு பாலிடெக்னிக்கின் கம்ப்யூட்டர் அறை அவர் பொறுப்பில் இருக்கிறது. லினக்ஸில் சிக்கல் என்றால் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அங்கேதான் போவார்கள். பதிலோடு திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் இன்னொரு கேள்வியோடு திரும்பி வந்தார்கள்.

சேவுகப்பெருமாளுக்கு ஐம்பத்தைந்து. இரண்டு வருஷமாக உமையாளிடம் சிஷ்யர். எத்தனை முறை குழம்பிப்போனாலும் மறுபடி வந்து நிற்பார்.

"உட்காருங்க அண்ணே. எதோட பாதி?"

"சர்வர்ல இடமே இல்லைங்குது. எந்த ஃபைலை அனுப்பினாலும் வாங்க மாட்டேங்குது. சரி, என்னதான் அடைச்சுக்கிட்டு இருக்குன்னு ஒவ்வொரு ஃபோல்டரா அளவு பார்த்துக் கூட்டினேன். மொத்தமே பாதி டிஸ்க்தான் வருது. மீதி எங்க போச்சு?"

"எத்தனை தடவை கூட்டினீங்க?"

"நாலு."

"நாலு தடவையும் பாதிதானா?"

"பாதிதான்."

"அப்ப உங்க கூட்டல் சரி" என்றார் உமையாள்.

"சர்வர் பொய் சொல்லுதா?"

"இல்லை, அது சொல்றதும் சரி. முழுசா நிறைஞ்சுதான் இருக்கு."

சேவுகப்பெருமாள் தலையைச் சொறிந்தார். இரண்டும் சரி என்றால் நான் ஏன் ஆட்டோ பிடித்து வந்தேன் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டார்.

"இடம் பத்தலைன்னா இன்னொரு டிஸ்க் வாங்கிப் போட்டிருக்கலாமே. எதுக்கு இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க?"

அவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார்.

விஷயம் அங்கேதான் இருந்தது.

செயற்கைக் கால் செய்து கொடுக்கும் ஓர் அறக்கட்டளையில் அவர் கம்ப்யூட்டர் பொறுப்பாளர். எஸ்தர் ராணி அங்கே அளவெடுக்கும் பெண். ஊர் ஊராக முகாமுக்குப் போய், கால் இழந்தவர்களின் மீதிக் காலை ஸ்கேன் எடுத்து சர்வருக்கு அனுப்புவாள். அந்த அளவை வைத்துத்தான் பட்டறையில் கால் தயாராகும். சர்வர் வாங்கிக்கொண்டதும் அன்றே லேப்டாப்பில் இருப்பதை அழித்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. அடுத்தவர் உடம்பின் அளவை யாரும் ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு திரியக் கூடாது இல்லையா.

ஜனவரியில் சிறுமலை முகாம். முப்பத்தெட்டு பேர். மார்ச்சில் பட்டறைக்காரர்கள் அளவு கேட்டபோது சர்வரில் ஒன்றுகூட இல்லை. பேக்கப்பிலும் இல்லை. அனுப்பிவிட்டேன், சர்வர் வாங்கிக்கொண்டது, விதிப்படி லேப்டாப்பில் அழித்துவிட்டேன் என்றாள் எஸ்தர். முகாமுக்கே போகாமல் பயணப்படியை வாங்கிக்கொண்டாள் என்று அலுவலகத்தில் நாலு பேர் பேச ஆரம்பித்தார்கள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை ஆச்சி. ஃபைல் வரவே இல்லைன்னு நான் எழுதிக் கொடுக்கணும். கொடுத்தா அந்தப் பொண்ணுக்கு வேலை போயிரும்."

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன். கையெழுத்துதான் போடலை."

"ஏன் போடலை?"

"தன் சர்வர்ல பாதி எங்க போச்சுன்னே தெரியாத ஆளு, அடுத்தவ ஃபைல் வரலைன்னு எந்த வாயால சொல்றது?"

உமையாள் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"போர்வையைப் பிரிங்க" என்றார்.

பிரித்தார். சர்வர், அதோடு ஒரு வயர், வயரின் மறுமுனையில் கைக்கடக்கமான ஒரு ஹார்ட் டிஸ்க். பேக்கப் எல்லாம் அதில்தான். டிஸ்க்கின் நெற்றியில் காய்ந்த சந்தனமும் அதன் நடுவில் மங்கின குங்குமமும் இருந்தன.

சர்வரை மேஜைமேல் வைத்து, டிஸ்க்கையும் இணைத்து, உயிர் கொடுத்தார்கள். திரை எழுந்தது. உமையாள் திரையைப் பார்க்கவில்லை. டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொட்டு யார் வச்சது?"

"நான்தான். ஆயுத பூஜைக்கு."

"எங்க வச்சு?"

"பட்டறையிலதான். அரம், ரம்பம், தையல் மெஷின் எல்லாத்தையும் சரஸ்வதி படத்துக்கு முன்னாடி வைப்போம். நமக்கும் ஆயுதம் வேணுமில்ல? சர்வரை நிறுத்த மனசு வரலை, அது பாட்டுக்கு ஓடட்டும்னு விட்டுட்டேன். டிஸ்க்கை மட்டும் கழட்டி, துடைச்சு, பொட்டு வச்சு, இலையில வச்சேன். பொரி கடலைகூட மேல விழுந்துச்சு. ஊதிவிட்டேன்."

"மறுநாள்?"

"விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துச் சொருகினேன்."

"அப்புறம்?"

"விளக்கு எரிஞ்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன ஆச்சி? அவ்வளவுதான். அன்னைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வழக்கம்போல பேக்கப் ஓடுச்சு. 'வெற்றி'ன்னு வந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் தினமும் வெற்றிதான்."

"வெற்றியை நான் கேட்கலை. பேக்கப் எங்க போய் விழுந்துச்சு?"

"காப்புன்னு ஒரு ஃபோல்டர் வச்சிருக்கேன். அதுலதான். அந்த ஃபோல்டர்தான் டிஸ்க்."

"ஃபோல்டர்தான் டிஸ்க்கா?"

"ஆமா."

"பூஜை அன்னைக்கு டிஸ்க் இலையில இருந்துச்சே. அப்ப ஃபோல்டர் எங்க இருந்துச்சு?"

சேவுகப்பெருமாள் பொட்டு வைத்த டிஸ்க்கைப் பார்த்தார். ஃபோல்டர் அப்போதும் சர்வரில்தான் இருந்தது. அது எங்கேயும் போகவில்லை. அப்படியானால் ஃபோல்டரும் டிஸ்க்கும் ஒன்று எப்படி? ஒன்றில்லை என்றால் இத்தனை நாள் எதை எதற்குள் போட்டார்? யோசிக்க யோசிக்கத் தலை கிறுகிறுத்தது.

"நடுவுல சர்வர் எப்பவாச்சும் நின்னுச்சா?"

"பிப்ரவரியில கரண்டு போச்சு. பேட்டரியும் கைவிட்டுருச்சு. நின்னு, கரண்டு வந்ததும் தானா எழுந்துச்சு. எழுந்தப்ப எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சே."

உமையாள் தலையாட்டினார். பிறகு சொன்னார்:

"டிஸ்க்கை எடுங்க."

"என்னது?"

"எடுங்க. சும்மா பிடுங்க வேண்டாம். முறையா சொல்லிட்டு எடுங்க."

"விளையாடாதீங்க ஆச்சி. எங்கிட்ட இருக்கிற ஒரே பிடி இந்த பேக்கப்தான். பாதியைக் காணோம்னு வந்தவனை மீதியையும் எடுன்னா?"

"எடுங்க அண்ணே."

பயந்துகொண்டேதான் எடுத்தார். டிஸ்க்கைப் பிரிக்கும் கட்டளையைத் தட்டும்போது விரல் இரண்டு முறை தடுக்கியது. வயரைக் கழற்றி, டிஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இப்ப காப்பு ஃபோல்டரைத் திறங்க."

"காலியா இருக்கும்."

"திறங்க."

திறந்தார்.

காலியாக இல்லை. ஃபைல்கள் மேலிருந்து கீழே ஓடின. திரை நிறைந்து, உருண்டு, மறுபடி நிறைந்தது.

அவர் திரையைப் பார்த்தார். கையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்தார். திரும்பத் திரையைப் பார்த்தார்.

"டிஸ்க் இந்தா என் கையில இருக்கே! இது என்ன கூத்து?"

"டிஸ்க்கைச் சொருகிட்டா மட்டும் போதாது. இந்த ஃபோல்டர்ல உட்காருன்னு சர்வர்கிட்ட சொல்லணும். விஜயதசமி அன்னைக்கு நீங்க சொல்லலை. டிஸ்க் விளக்கை எரிச்சுக்கிட்டு சும்மா இருந்துச்சு. பேக்கப் பூரா வெறும் ஃபோல்டர்ல விழுந்துச்சு, சர்வரோட சொந்த இடத்துலயே."

"அப்ப பிப்ரவரியில?"

"சர்வர் புதுசா எழுந்திருக்கும்போது தானாவே டிஸ்க்கை அந்த ஃபோல்டர்மேல உட்கார வைக்கும். வச்சுது. அடியில ஏற்கெனவே விழுந்தது கண்ணுக்குத் தெரியாம போச்சு."

"தெரியாம போச்சு. ஆனா..."

"இடத்தை மட்டும் அடைச்சுக்கிட்டே இருந்துச்சு."

சேவுகப்பெருமாள் நெற்றியில் அறைந்துகொண்டார். நாலு தடவை கூட்டினாரே, நாலு தடவையும் மேலே இருந்ததைத்தான் கூட்டியிருக்கிறார். அக்டோபரிலிருந்து பிப்ரவரிவரை அத்தனையும் அடியில் கிடந்திருக்கிறது.

அக்டோபரிலிருந்து பிப்ரவரிவரை.

சட்டென்று நிமிர்ந்து, டிஸ்க்கை மேஜைமேல் வைத்தார். முகாமிலிருந்து வருவதெல்லாம் முதலில் 'வரவு' என்ற ஃபோல்டரில்தான் வந்து இறங்கும். அதன் பழைய நகலைத் தேடித் திறந்தார்.

சிறுமலை. ஜனவரி பதினேழு, மாலை நாலு நாற்பது.

"வந்திருக்கு ஆச்சி! ஐயோ, வந்திருக்கு! அந்தப் பொண்ணு அனுப்பியிருக்கு!"

ஐம்பத்தைந்து வயது ஆள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கையைத் தட்டினார். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. நாளைக்குப் பதினோரு மணிக்கு எல்லோர் முகத்திலும் கரியைப் பூசலாம், அந்த நாலு பேரையும் நேருக்கு நேர் கேட்கலாம் என்றெல்லாம் மனசு ஓடியது.

"சந்தோஷம்" என்றார் உமையாள். "சர்வருக்கு வந்தது, சர்வர்லேர்ந்து எங்க போச்சு?"

கை தட்டல் நின்றது.

"அது... எப்படிப் போச்சு?"

"ஃபைலுக்குக் கால் கிடையாது அண்ணே."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். ஜனவரி. பொங்கல் முடிந்து ஒரு வாரம். அப்போதே இடம் போதவில்லை என்று சர்வர் அனத்த ஆரம்பித்திருந்தது. ஏன் திடீரென்று இடம் குறைகிறது என்று அன்றைக்கும் அவருக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, வரவு ஃபோல்டரில் இருந்ததையெல்லாம் ஒரே கட்டளையில் காலி செய்தார். எதற்கும் பயமில்லை, பேக்கப்பில்தான் எல்லாம் இருக்கிறதே என்று நினைத்தார். காலி செய்துவிட்டு டீ குடிக்கப் போனதுகூட நினைவுக்கு வந்தது. பட்டறைக்கு மாற்றியாகிவிட்டதா என்று யாரையும் கேட்கவில்லை.

"நான்தான்" என்றார்.



வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்று மாதமாக அந்தப் பெண் அலுவலகத்தில் தலை குனிந்து நடந்தாள். ஒருநாள் இவர் மேஜைக்கே வந்து, "சார், இன்னொரு தடவை நல்லா தேடிப் பாருங்க சார்" என்றாள். "இருந்தாத்தானேம்மா கிடைக்கும்" என்று இவர் சொன்னார். அதை மற்றவர்களும் கேட்டார்கள். சிரித்தார்கள்.

தாளை எடுத்துப் பிரித்தார்.

"ஆச்சி, இப்படி எழுதினா என்ன? டிஸ்க் கோளாறால ஃபைல் மறைஞ்சிருந்தது, இப்ப கிடைச்சிருச்சுன்னு. அதுல பொய் ஒண்ணும் இல்லையே. அந்தப் பொண்ணு வேலையும் தப்பிச்சிரும். எனக்கும் ரிட்டயர்டாக மூணு வருஷம்தான் பாக்கி."

உமையாள் மேஜைமேல் கிடந்த டிஸ்க்கை எடுத்தார். சர்வரில் இணைத்தார். ஒரு வரி தட்டினார். டிஸ்க் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. காப்பு ஃபோல்டரை மறுபடி திறந்து காட்டினார்.

ஜனவரி இல்லை. சிறுமலை இல்லை. எல்லாம் ஒழுங்காக, சுத்தமாக இருந்தது. கீழே பச்சை எழுத்தில் 'வெற்றி' என்றிருந்தது.

"இப்ப எழுதுங்க" என்றார் உமையாள். பேனாவையும் நீட்டினார்.

சேவுகப்பெருமாள் பேனாவை வாங்கவில்லை.

 கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். டிஸ்க்கைப் பிரிக்கும் கட்டளையைத் தட்டினார். இந்த முறை விரல் தடுக்கவில்லை. வயரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, செல்போனை எடுத்தார்.

மூன்றாவது மணியில் எஸ்தர் எடுத்தாள்.

"சொல்லுங்க சார். கையெழுத்து போட்டாச்சா?"

"எஸ்தரம்மா, நீ அனுப்பினது வந்திருக்கு. பதினேழாம் தேதியே வந்திருக்கு. அழிச்சது நான்தாம்மா. பார்க்காம அழிச்சேன். அதைத்தான் நாளைக்கு எழுதிக் கொடுக்கப் போறேன். உன்னைப் பத்தி நான் பேசினதையும் சேர்த்து எழுதப் போறேன். என்னை மன்னிச்சுரும்மா."

 வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை.

"ஏசிக்கோ, வைஞ்சுக்கோ, எதுவா இருந்தாலும் வாங்கிக்கிறேன்" என்றார்.

"முப்பத்தெட்டும் இருக்கா சார்?"

"ஆங்?"

"முப்பத்தெட்டு பேரும் இருக்காங்களா? விட்டுப்போகாம?"

"இருக்கும்மா. இருக்கணும். திரை நிறைய இருக்கு."

"இருக்கணும்னு சொல்லாதீங்க சார். ஒவ்வொரு பேரா வாசிங்க. நான் கேட்கறேன்."

சேவுகப்பெருமாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரைக்கு அருகே குனிந்தார்.

"செல்லக்கண்ணு. வலது கால். முழங்காலுக்குக் கீழே."

"ம்."

"வெள்ளையம்மா. இடது கால்."

"ம். அடுத்தது வாசிங்க சார்."