மைனா விற்ற கருணைக்கிழங்கு

பெருங்காற்றில் அத்திமரம் சாய்ந்தது. அதன் பழத்தை நம்பியிருந்த மைனாவின் பிழைப்பும் போயிற்று.

பக்கத்தில் ஒரு காட்டுப்பன்றி இருந்தது. மண்ணைக் கிளறிக் கருணைக்கிழங்கு எடுப்பதில் கெட்டிக்காரன். ஆனால் விற்கிற பேச்சு மட்டும் வராது.

“நீ தோண்டு, நான் விற்கிறேன்!” என்றது மைனா. “காட்டில் இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே! ஆன்லைனில் கடை போடுவோம்!”

“சரி. கிழங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லட்டுமா?” என்று கேட்டது பன்றி.

“அட, நீ போய்த் தோண்டப்பா! பேச்சை என்னிடம் விடு!”

மைனா பிறந்ததிலிருந்து கிழங்கைக் கொத்திப் பார்த்ததே இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் பழம்தான். அதனால் பழத்துக்கு என்ன சொல்லுமோ, அதையே கிழங்குக்கும் எழுதிப் போட்டது. ‘கொழுகொழு கருணை! தேனாக இனிக்கும்! தோலை உரி, அப்படியே கடி!’ கேட்க எவ்வளவு ஜோராக இருக்கிறது பாருங்கள்! ஆர்டர் குவிந்தது.

ஆற்றங்கரையில் ஒரு மந்தி. அது கிழங்கு வாங்கிவிட்டு, “என் குட்டிக்கு இப்போதுதான் பல் முளைச்சிருக்கு. பச்சையா கொடுக்கலாமா?” என்று கேட்டது.

மைனாவுக்குத் தெரியாது. பன்றியைக் கேட்டால் உடனே சொல்லிவிடும். ஆனால் கடைக்காரியே போய்க் கேட்டால் கௌரவம் என்னாவது?

“தாராளமா கொடுங்கக்கா! குழந்தைக்கு ரொம்ப நல்லது!” என்று பதில் போட்டது.

சாயங்காலம் மந்தி அலறிக்கொண்டு வந்தது. இடுப்பில் குட்டி. நாக்கு தடித்து, தொண்டையைப் பிறாண்டிக்கொண்டு, பால்கூட இறங்காமல் துடித்தது.

“அடிப்பாவி! என் பிள்ளைக்கு என்னத்தைக் கொடுத்தே!”

சத்தம் கேட்டுப் பன்றி ஓடி வந்தது.

“ஐயையோ, பச்சைக் கருணையா! தொண்டையை அரிக்குமே! புளி போட்டு வேகவைத்தல்லவா தின்ன வேண்டும்! போ, சீக்கிரம் புளி கொண்டு வா!”

மைனா பறந்து போய்ப் புளியம்பழத்தைக் கவ்வி வந்தது. பன்றி அதைக் கரைக்க, மந்தி சொட்டுச் சொட்டாகக் குட்டியின் நாக்கில் விட்டது. மெல்ல மெல்ல அரிப்பு அடங்கியது. குட்டி தாயின் மடியில் முட்டிப் பால் குடிக்கத் தொடங்கியதும்தான் மைனாவுக்கு மூச்சு வந்தது.

“மன்னிச்சிடுங்கக்கா. எனக்குக் கிழங்கைப் பற்றி ஒண்ணுமே தெரியாது” என்று அழுதது.

“அதை அப்பவே சொல்லியிருந்தா நான் பன்றியையே கேட்டிருப்பேனேடி!” என்றது மந்தி. “நீ சொன்னதை நம்பி, என் கையாலேயே ஊட்டினேனே!”

மைனா உடனே செல்போனை எடுத்தது. கடையில் எழுதியிருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் பன்றியின் எதிரே போய் உட்கார்ந்தது. “இப்போது சொல்லு, கேட்கிறேன்” என்றது.

விற்கிற பொருளைப் பற்றித் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேட்டு விற்க வேண்டும். கேட்க வெட்கப்படுகிறவர் கடையே போடக்கூடாது.