விசிறி ஓடும் அறை

பூமிக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஒரு நிலையத்தில் ஆட்கள் மாறும் காலம் வந்திருந்தது. பழையவர்கள் இறங்க வேண்டும், புதியவர்கள் பொறுப்பேற்க வேண்டும்.

அங்கே குரு என்றும் சீடன் என்றும் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. இறங்குகிறவர், ஏறி வந்தவர், அவ்வளவுதான். ஆனாலும் நடப்பதென்னவோ அதே பாடம்தான். இறங்கவிருந்த தலைவியின் பெயர் ஜெசிந்தா. புதிதாக வந்த தலைவர் சொக்கநாதன். அவர் ஜெசிந்தாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர், சரக்கு விமானம் ஓட்டியே தலை நரைத்தவர். வயதில் சின்னவரிடம் கற்றுக்கொள்வதில் அவருக்கு வருத்தம் ஏதும் இல்லை. அந்த நல்ல குணத்தை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் அவர் செய்ததைக் கேட்கும்போது அது நினைவில் இருக்கட்டும்.

முதல் நாள் ஜெசிந்தா அவரை நிலையம் முழுக்கக் கூட்டிப்போனார். கூட்டிப்போனார் என்றால், இருவரும் சுவரைத் தள்ளித் தள்ளி மிதந்து போனார்கள். ஒவ்வொரு விசிறி வந்ததும் ஜெசிந்தா நின்றார். அதன் முன்னால் உள்ளங்கையை வைக்கச் சொன்னார்.

"காத்து வருதா சார்?"

"வருது மேடம்."

"அடுத்தது."

கொஞ்ச நேரத்தில் சொக்கநாதனுக்குச் சலித்துவிட்டது.

"இதெல்லாம் கீழயே மாசக்கணக்கா சொல்லிக் குடுத்தாங்க மேடம். இங்க காத்து தானா நகராது. விட்ட மூச்சு விட்ட இடத்துலயே நிக்கும். ஃபேன்தான் தள்ளிவிடணும். தெரியும்."

"தெரியும்ல? அடுத்தது."

சொக்கநாதனோடு ஒரே கப்பலில் வந்தவள் பர்வீன். டாக்டர், குழுவிலேயே இளையவள். வந்ததிலிருந்து அவளுக்குத் தலைவலி. எடை இல்லாத இடத்தில் ரத்தம் தலைக்கு ஏறிக்கொள்ளும், உடம்பு பழகச் சில நாள் ஆகும். அவள் தூங்கும் அறை ஒரு பீரோ அளவுதான். தலைமாட்டில் விசிறி இரைந்துகொண்டே இருக்கும்.

"சொக்கண்ணா, இந்தச் சத்தம் மண்டைக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு" என்றாள் ஒரு மதியம்.

"நீ கண்ண மூடும்மா. தூங்குற வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன். தூங்கினதும் போட்டுவிடுறேன்."

அவள் தூங்கினாள். அவர் கதவையும் மெல்லச் சாத்தினார். வீட்டில் உடம்பு சரியில்லாதவர்களுக்கு நாம் செய்வதைத்தான் செய்தார். அந்த நேரம் பார்த்துக் கீழே இருந்த கட்டுப்பாட்டு மையம் அவரைக் கூப்பிட்டது. போனார், பேசினார், ஒன்றிலிருந்து இன்னொன்றாகப் பேச்சு நீண்டது. விசிறியை மறந்தே போனார்.

ஊரில் கரண்ட் போனால் வீடே விழித்துக்கொள்ளும். புழுக்கம் எழுப்பிவிடும். பர்வீனை எதுவும் எழுப்பவில்லை. அவள் விட்ட மூச்சு அவள் முகத்தைச் சுற்றியே தேங்கி நின்றது. அதையே அவள் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா ஏதோ பை எடுக்க அந்தப் பக்கமாக வந்தார். அறை வாசலில் நின்றுவிட்டார். அங்கே எப்போதும் கேட்கும் இரைச்சல் கேட்கவில்லை.

கதவைத் திறந்தபோது பர்வீனின் உதடு நீலம் பாரித்திருந்தது. தூங்கும் பையோடு சேர்த்து அவளை வெளியே இழுத்து, முகத்தில் ஆக்சிஜன் வைத்துப் பிடித்தார். அப்போதுதான் நினைவு வந்து சொக்கநாதனும் பாய்ந்து வந்தார். பர்வீன் கண் திறக்கும்வரை அவர் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. அதற்குள் அவருக்குப் பத்து வயது கூடிப்போனது.

பர்வீன் கண் திறந்தாள். நின்றிருந்த விசிறியைப் பார்த்தாள். பிறகு சொக்கநாதனைப் பார்த்தாள்.

அன்றே தன் தூங்கும் பையைக் கழற்றிக்கொண்டு நிலையத்தின் மறுகோடிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து சொக்கண்ணா என்று அவள் கூப்பிடவில்லை. சார் என்றாள்.

ஜெசிந்தா நடந்ததை நடந்தபடி கீழே சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கீழே கூடிப் பேசிப் பதில் சொன்னார்கள். இறங்கும் கப்பலில் ஜெசிந்தாவின் இடத்தில் சொக்கநாதனைத் திருப்பி அனுப்பலாம். அப்படியானால் அடுத்த கப்பல் வரும்வரை, அரை வருடத்துக்கு, ஜெசிந்தாவே தலைவியாக இருக்க வேண்டும். முடிவை அவரிடமே விட்டார்கள்.

ஜெசிந்தாவுக்கு வீட்டுக்குப் போக வேண்டும். அதை அவர் மறைத்ததே இல்லை. ஏற்கெனவே ஒருமுறை இறங்கவிடாமல் அவரை நிறுத்திவைத்திருந்தார்கள். அவர் மகளுக்குப் பல் விழுந்ததும் முளைத்ததும் திரையில் பார்த்ததுதான்.

"வர்றியா, வரலையா?" என்று திரையில் மகள் கேட்டாள்.

"இன்னும் தெரியலம்மா."

மகள் திரையை விட்டு எழுந்து போய்விட்டாள். ஜெசிந்தா காலி நாற்காலியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொக்கநாதனே வந்து நின்றார்.

"என்ன அனுப்பிடுங்க மேடம். ஒரு புள்ளையக் கொல்லப் பாத்தேன். என்ன நம்பி எப்படி இத்தன பேர விட்டுட்டுப் போவீங்க?"

"ஃபேன் வடிகட்டி எல்லாத்துலயும் தூசி அடைஞ்சிருக்கு. சுத்தம் பண்ணிடுங்க."

"நான் கேட்டது..."

"பண்ணிடுங்க சார்."

பண்ணினார். ஒவ்வொரு விசிறியாகக் கழற்றி, கம்பிக்கு இடையில் சிக்கிய நூலையும் முடியையும் உறிஞ்சி எடுத்து, திரும்ப மாட்டி, உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஒருமுறை வைத்தது போதவில்லை அவருக்கு. போன இடத்துக்கே திரும்பப் போனார்.

அதோடு தூக்கமும் போயிற்று. மற்றவர்கள் தூங்கும் வேளையில் பர்வீனின் புது இடத்தருகே போய் மிதப்பார். கதவை விரல் அளவு திறந்து, மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். ஒருநாள் அவள் விழித்துக்கொண்டாள்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லம்மா. மூச்சு..."

"விட்டுட்டுதான் இருக்கேன். நீங்க மூஞ்சிக்கு நேரா நின்னா நான் எப்படித் தூங்குறது?"

கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் அங்கிருந்து போகவில்லை, கொஞ்சம் தள்ளி நின்றார்.

தூங்காதவன் கையில் வேலை நிற்குமா? மறுநாள் தண்ணீர்ப் பையைத் திறந்து பிடித்தபடியே சொக்கநாதன் கண்ணயர்ந்துவிட்டார். தண்ணீர் உருண்டை உருண்டையாக மின்பலகையை நோக்கி மிதந்து போனது. ஜெசிந்தா ஒரு துண்டை எடுத்துவந்து ஒவ்வொரு உருண்டையாகப் பிடித்துத் துடைத்தார். திட்டியிருந்தால் சொக்கநாதனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

ஜெசிந்தா பர்வீனிடம் போனார்.

"உனக்கும் கீழ போகணும்னா சொல்லு. தப்பா நினைக்க மாட்டாங்க."

"வேலைக்குத்தான மேடம் வந்தேன். இருந்து முடிச்சுட்டுதான் போவேன்."

"தலைவரா யாரு இருந்தாலுமா?"



கப்பல் கிளம்ப ஒரே நாள் இருந்தது. அந்தக் கப்பலில் இருக்கை என்பது அவரவர் உடம்புக்கு அச்சு எடுத்து வார்த்தது. ஒருவருடையது இன்னொருவருக்கு உதவாது. யாருடைய இருக்கை கப்பலுக்குள் போகிறதோ அவர்தான் இறங்குவார். ஜெசிந்தாவின் இருக்கையும் சொக்கநாதனின் இருக்கையும் கப்பல் வாசலில் அருகருகே கட்டியிருந்தன. போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்த்தார்கள்.

சாப்பாடு முடிந்ததும் ஜெசிந்தா சொக்கநாதனைக் கூப்பிட்டார். பர்வீன் விட்டுப்போன பழைய அறையைத் திறந்து காட்டினார்.

"உள்ள போய்த் தூங்குங்க."

"இதுலயா மேடம்?"

"இதுலதான்."

"நான் தூங்கிட்டா ஃபேன யாரு..."

"பர்வீன் பாத்துப்பா."

அவள் அங்கேதான் இருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலருகே இருந்த கம்பியில் காலை மாட்டிக்கொண்டாள். விசிறியின் சுவிட்ச் அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

அவள் ஏதாவது செய்துவிடுவாள் என்று சொக்கநாதன் நினைக்கவே இல்லை. தன் மூச்சுக்கு அவளைக் காவல் நிறுத்துவது பெரிய அநியாயம் என்றுதான் பட்டது.

"வேணாம்மா. நீ போ. உனக்கு வேலை இருக்கும்."

"உள்ள போங்க சார்."

போனார். பையை இழுத்து மூடிக்கொண்டார். வெளியிலிருந்து கதவு சாத்தப்பட்டது. தலைமாட்டில் விசிறி இரைந்தது. இரைச்சல் தேய்வதுபோல் தோன்றும் போதெல்லாம் கண்ணைத் திறந்தார். கையை உயர்த்திக் காற்று வருகிறதா என்று பார்த்தார். வந்தது. மறுபடி பார்த்தார். வந்தது. மறுபடியும் கையை உயர்த்தப் போனவருக்கு வெளியே நிற்கிறவள் நினைவு வந்தது. அவள் நிற்கும்போது தான் சோதித்துப் பார்ப்பது அவளை அவமதிப்பதுபோல் இருந்தது. கையைப் பைக்குள் வைத்துக்கொண்டார். எப்போது தூங்கினார் என்று தெரியாது.

விழித்தபோது எவ்வளவு நேரம் போனது என்றும் தெரியவில்லை. கதவைத் திறந்தார். பர்வீன் அதே கம்பியில் காலை மாட்டியபடியே இருந்தாள். கண் சிவந்திருந்தது. மெல்லக் காலை விடுவித்து, கன்றிப்போன பாதத்தைத் தேய்த்துவிட்டாள்.

"தூங்கினீங்களா?"

"தூங்கினேன்மா."

"எனக்குத் தூக்கம் வருது சார். கொஞ்சம் நகருங்க."

அவர் நகர்ந்தார். அவள் அவரைத் தாண்டி அந்த அறைக்குள்ளேயே போனாள். தன் கையாலேயே கதவைச் சாத்திக்கொண்டாள். சொக்கநாதன் கதவைத் தொடவில்லை.

ஜெசிந்தா கப்பல் பக்கமிருந்து வந்தார்.

"ஏதாவது முடிவு பண்ணீங்களா மேடம்?" சொக்கநாதன் மெல்லக் கேட்டார், உள்ளே தூங்குகிறவளுக்குக் கேட்காதபடி.

"நான் போறேன். நீங்க இருக்கீங்க."

"என்கிட்ட என்னத்தப் பாத்து இப்படி முடிவு பண்ணீங்க?"

"உங்ககிட்ட ஒண்ணும் பாக்கல சார். நீங்க தூங்கிட்டிருந்தப்ப, சாப்பிட்டு வா, நான் நிக்கிறேன்னு அவகிட்ட ரெண்டு தடவ சொன்னேன். நகரல. அதுக்கப்புறம்தான் என் இருக்கைய உள்ள எடுத்துட்டுப் போய் மாட்டினேன்."