ஓரடி நகராத கொக்கு

கழிமுகத்து மணல்திட்டில் ஒரு கரைக்கொக்கும் ஓர் ஆலாப் பறவையும் கூட்டுச் சேர்ந்து மீன் பிடித்து வந்தன. கொக்கின் பெயர் நெட்டையன். ஆலாவின் பெயர் பொன்மூக்கி.

சித்திரை மாதம். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகெல்லாம் துறையில் கட்டிக் கிடக்க, கரைவலைக்காரர்கள் மட்டும் மணலில் நின்று வடம் பிடித்து வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மீன் கரையை ஒட்டி வரும் காலம் அது. ஆலா வானத்தில் சுற்றி, மீன் எங்கே மொய்க்கிறது என்று பார்த்துவந்து சொல்லும். கொக்கு நடந்துபோய்ப் பிடிக்கும்.

பதிலுக்குக் கொக்கு செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். ஆலா கூடு கட்டுகிற சாதி இல்லை. வெறும் மணலில் சின்னக் குழி பறித்து முட்டையிடும். சித்திரை வெயிலில் அந்த மணல் எப்படிச் சுடும் என்று வெறுங்காலோடு நடந்தவர்களைக் கேளுங்கள்! பொன்மூக்கியின் துணையோ பங்குனியில் அடித்த காற்றில் போனது போனதுதான். ஆகவே அது இரை தேடப் போகும்போதெல்லாம் கொக்கு வந்து இரண்டு முட்டைகளுக்கும் நிழலாக நிற்க வேண்டும்.

அன்று காலை ஆலாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"நெட்டையண்ணே! உள்ளே அசையுது! மேல படுத்தா முட்டுறது தெரியுது! இன்னும் ரெண்டே நாள்தான்!"

"அடி சக்கை! அப்போ நான் மாமன் ஆகப் போறேன்னு சொல்லு!"

"வடக்கே கரைவலை இழுக்கிறாங்க. வலையிலிருந்து நெத்திலி சிதறும். நேத்திலிருந்து பட்டினி அண்ணே, நாலு கொத்திட்டு ஓடி வந்துடுறேன். நிழல் பத்திரம்! வெயில் ஏற ஏற நிழல் சுருங்கும். அது சுருங்கச் சுருங்க நீயும் பின்னால வந்துகிட்டே இருக்கணும். கடைசியில முட்டைக்கு நேர் மேலேயே நிக்கணும்."

கொக்கு சிரித்துவிட்டது. "ஏம்மா தங்கச்சி, கொக்குக்கே நிக்கக் கத்துத் தர்றியா? எங்களுக்கு வேற என்ன தெரியும்? நீ தைரியமாப் போ! ஓரடி நகர மாட்டேன்!"

ஆலா பறந்துவிட்டது. பாவம், பசி அதை நின்று யோசிக்க விடவில்லை.

கொக்கு முட்டைகளுக்குக் கிழக்கே, தண்ணீர் ஓரமாகப் போய் நின்றது. எதிரே இளஞ்சூரியன். அதன் நீண்ட நிழல் பின்னால் இரண்டு முட்டைகள் மேலும் விழுந்தது. சிறகையும் பாதி விரித்துக்கொண்டது. அதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது.

கொஞ்ச நேரத்தில் எதிரே தண்ணீர் புரண்டது. மடவை மீன்! கொழுத்த மடவை! மேய்ந்தபடியே மெல்ல மெல்லக் கரைக்கு வந்துகொண்டிருந்தது.

கொக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. மீன் கண்ணில் பட்டுவிட்டால் மூச்சுகூடச் சத்தமாக விடாது. அசைந்தால் மீன் போச்சு! அந்த அசையாத தன்மையில்தான் அதன் பிழைப்பே இருக்கிறது. நெட்டையன் மரக்கட்டையாகிவிட்டது.

வளையிலிருந்து ஒரு மணல் நண்டு எட்டிப் பார்த்தது.

"அண்ணே! நிழல் சுருங்குது! ஒரு முட்டை வெயிலுக்கு வந்துருச்சு!"

"உஷ்! வாயை மூடு! மீன் ஓடிடும்!"

"அண்ணே, ரெண்டாவதும் வந்துருச்சு!"

"நான்தான் இங்கேயே நிக்கிறேனே! எங்கே ஓடிப் போயிட்டேன்? இதோ, இன்னும் ஒரு சாண்தான்!"

நண்டு தவித்தது. முட்டை தின்கிற சாதி என்று ஆலா அதைக் கிட்டே சேர்த்ததே இல்லை. போய் மறைத்து நிற்கவும் பயம், சும்மா பார்த்துக்கொண்டிருக்கவும் மனமில்லை.

மடவை வந்தது. திரும்பிப் போனது. மறுபடி வந்தது. கொக்கு இமைக்கவில்லை. ஒரு சாண், அரைச் சாண், நாலு விரல்... படக்! ஒரே கொத்து! மடவை தொண்டையில் இறங்கியது. அப்பாடா என்று கொக்கு நிமிர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆலா வந்து இறங்கியது. அலகில் ஒரு நெத்திலி. அதைக் கொக்கின் காலடியில் வைத்தது.

"உனக்குத்தான் அண்ணே! நீயும் காலையிலிருந்து பட்டினியாத்தானே நிக்கிறே!"

சொல்லிவிட்டுக் குழியில் உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்தில் எழுந்தது.

"அய்யோ! சுடுதே!"

தண்ணீருக்கு ஓடியது. வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகள் மேல் படுத்தது. மறுபடி ஓடியது. மறுபடி வந்து படுத்தது. பத்து முறை, பதினைந்து முறை. பிறகு அசையாமல் படுத்துக் காத்திருந்தது.

"முட்டலையே... அண்ணே, ஒண்ணுகூட முட்டலையே! நீ எங்கேயாவது போயிட்டியா?"

"இல்லவே இல்லை தங்கச்சி! சத்தியமா! ஓரடி நகரலை! வேணும்னா நண்டைக் கேட்டுப் பாரு!"

நண்டு மெல்ல வளைக்குள் இறங்கிக்கொண்டது.

ஆலா கொக்கின் நிழலைப் பார்த்தது. அது தண்ணீர் ஓரத்தில், கொக்கின் காலடியிலேயே சுருண்டு கிடந்தது.

"நகரச் சொல்லித்தானே அண்ணே போனேன்" என்றது.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது கொக்கின் மனசு ஆறியிருக்கும். காலடியில் கிடந்த நெத்திலியைத் தொடவே அதற்குக் கூசியது.

ஆலாவுக்கோ நம்பிக்கை விடவில்லை. மூன்று நாள் முட்டைகளை விட்டு எழவில்லை. அந்த மூன்று நாளும் கொக்கு அதற்குக் குடையாக நின்றது. நிழல் சுருங்கினால் பின்னால் வந்தது. சாய்ந்தால் சுற்றிப் போனது. எதிரே மடவைகள் கூட்டமாகத் துள்ளின. அது தலையைத் திருப்பவே இல்லை. இப்போது பார்த்து என்ன, பாராமல் இருந்து என்ன? உள்ளே இருந்த இரண்டு உயிர்களும் போய்விட்டனவே!

நான்காம் நாள் ஆலா மெல்ல எழுந்தது. இரண்டு முட்டைகளையும் மணலால் மூடியது.

"போதும் அண்ணே. நீ எதுக்கு வெயில்ல காயுறே? போய் ஏதாவது சாப்பிடு" என்றது. தெற்குப் பக்கமாகப் பறந்து போய்விட்டது.

கொக்கு அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றது. "தங்கச்சி, தப்பு என்னுதுதான்!" என்று அப்போதுதான் அதற்குச் சொல்ல வாய் வந்தது. கேட்க அங்கே யாரும் இல்லை.

பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் பக்கத்தில் நின்றால் மட்டும் போதாது, ஒப்படைத்ததன் மேல் கண்ணையும் வைத்திருக்க வேண்டும்.