சூப்பர் போடாத பாத்தி

"என் வயலுக்கு எத்தனை மூட்டை சூப்பர் பாஸ்பேட் உரம் போடணும், மேடம்?" என்று கேட்டார் கோதண்டம்.

கேட்டவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பதில் சொல்ல வேண்டிய தேன்மொழிக்கு முப்பதுகூட ஆகவில்லை. மண்ணாய்வுக்காரி. மண்ணை மோந்து பார்த்தே, முப்பாட்டன் காலத்தில் அங்கே எந்த மாடு சாணி போட்டது என்று சொல்லிவிடுவாள். எந்த மாடும் இதுவரை மறுத்ததில்லை.

"மண்ணுல மணிச்சத்து குறைச்சல்ங்கிறாங்க. நெல்லு சரியாத் தூர் கட்டலை. இன்னும் ரெண்டு போகத்துல விளைச்சலைக் காட்டலைன்னா நிலத்துக்காரர் குத்தகையை வேற ஆளுக்கு மாத்திடுவார்."

"ஒரு பாத்திக்கு மட்டும் சூப்பரே போடாதீங்க, ஐயா. மத்ததெல்லாம் வழக்கம்போல."

"எவ்வளவு போடணும்னு கேட்டா, போடாதேங்கிறீங்களே!"

"மண்ணு தன் கையால எவ்வளவு கொடுக்குதுன்னு முதல்ல பார்ப்போம்."

மடைக்குத் தோதாக, ரோட்டோரம் நாலு சென்ட் பிரித்து வரப்புக் கட்டினார் கோதண்டம்.

அறுவடைக்குத் தேன்மொழி வந்தாள். அந்தப் பாத்தியைத் தனியாக அறுத்து, தனியாக அடித்து நிறுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சூப்பர் போட்ட இடத்திலும் அதே நாலு சென்ட்.

போடாத பாத்தி ஜெயித்துவிட்டது. சும்மா இல்லை. கதிரின் கனத்தில் வரப்பே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாகப் பேச்சு.

"நல்லதாப் போச்சு. அடுத்த போகத்துக்கு வயல் முழுக்க சூப்பர் வேண்டாம்."

கோதண்டம் அவள் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"வேண்டவே வேண்டாமா?"

"வயல் சொல்லுது."

"வயல் பொய் சொல்லுது, மேடம்."

"யார் சொல்லிக்கொடுத்தா?"

அவர் தலையைச் சொறிந்தார். "நடவுக்கு முந்தி அந்தப் பாத்தியில அரைக் கூடை சூப்பர் தூவினேன். ரோட்டோரமாச்சே. போறவன் வர்றவன் எல்லாம் 'என்னய்யா, பயிருக்குச் சீக்கா'ன்னு கேப்பான்."

"அடப்பாவி மனுசா, நீங்களும் போட்டீங்களா?" என்றாள் அவர் மனைவி அஞ்சலை. "பந்தியில ஒரே ஒரு இலைக்கு மட்டும் சோறு வைக்காமப் போறது அடுக்குமா? மனசு கேக்கலை. நான் ஒரு கூடை போட்டேன்."

அறுப்புக்கு வந்திருந்த பக்கத்து வயல் காத்தமுத்து மெல்ல நழுவினார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"இல்ல தங்கச்சி... அந்தப் பாத்தியை மறந்துட்டீங்க போலன்னு... ரெண்டு கூடை..."

தேன்மொழி சிரிக்கவில்லை. நோட்டில் எழுதியதைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள்.

"இன்னும் ஒரே போகம்தான் இருக்கு, மேடம்." கோதண்டத்தின் குரல் இறங்கியிருந்தது. "மறுபடி ஒரு பாத்தி விடட்டுமா?"

"விடுங்க. நடுவயல்ல. எந்தப் பாத்தின்னு வீட்டம்மாகிட்டச் சொல்லாதீங்க."

"சொல்லலை."

"பக்கத்து வயலுக்கும்."

"மூச்சு விடமாட்டேன்."

"முக்கியமா, உங்ககிட்டச் சொல்லிக்காதீங்க."