அடிக்காத முரசு

முன்னொரு காலத்தில் மஞ்சனூர் நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், கோபம் வந்துவிட்டால் மட்டும் பக்கத்தில் நிற்க முடியாது. அன்றைக்கு வந்திருந்தது. ராணி ஆசையாக வளர்த்த பூந்தோட்டத்தை ஊர் மாடுகள் புகுந்து மொட்டையாக மேய்ந்துவிட்டன.

விடியலில் முரசு முழங்கும். அதைக் கேட்டுத் தோட்டக்காரன் எழுந்து தோட்டத்துப் படலைச் சாத்துவான், காவல்காரன் கோட்டைக் கதவைத் திறப்பான். அன்று முரசடிப்பவனுக்குக் காய்ச்சல், அடிக்கவேயில்லை. தோட்டக்காரன் தூங்கிவிட்டான். காவல்காரன் மாசானம் மட்டும் கதவைத் திறந்துவிட்டான்!

"ராசா, முரசுச் சத்தத்த என் காதால கேட்டேன்! பிள்ளைகுட்டி மேல சத்தியம்!" என்று அழுதான் மாசானம்.

மாசானம், மந்திரி பூதலிங்கர் வேலைக்குச் சேர்த்த ஆள். மந்திரியைக் கண்டாலே வயிறெரியும் அரண்மனை அதிகாரி மாணிக்கவரதர் சும்மா இருப்பாரா? அவையில் எழுந்தார்.

"மகாராஜா, மனுஷ மூளை செக்கு மாதிரி. எள் போட்டால் எண்ணெய். போடாவிட்டால் ஒரு சொட்டு வராது. அடிக்காத முரசு எப்படிக் கேட்கும்? பொய்ச் சத்தியம்! இப்படிச் சத்தியம் செய்பவன் எவனானாலும் குடும்பத்தோடு நாடு கடத்த வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றான் ராஜா.

"மகாராஜா, கொஞ்சம் பொறுங்கள். தவில் கேட்போம்" என்றார் மந்திரி.

"இந்த நேரத்தில் தவிலா!" என்று உறுமினாலும், தவில் என்றால் ராஜாவுக்கு உயிர். மந்திரி தவில்காரரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து, காதில் ஏதோ சொன்னார். ராஜாவின் மெய்க்காவலனையும் அங்கேயே நிறுத்தினார்.

வாசிப்பு சூடு பிடித்தது. ஒரே முடிவை மூன்று தடவை வாசித்து நிறுத்துவது வழக்கமாயிற்றே! முதல் தடவை ராஜா தலையாட்டினான். இரண்டாம் தடவை அவையே தாளம் போட்டது. மூன்றாம் தடவை எல்லோரும் தொடையில் தட்டி, "பலே!" என்றார்கள்.

"கடைசி அடி எப்படி, மாணிக்கவரதரே?" என்று கேட்டார் மந்திரி.

"இடி மாதிரி விழுந்தது!"

"சத்தியமாகவா?"

"குலதெய்வத்தின் மேல் ஆணை! நான் என்ன செவிடனா?"

திரை விலகியது. தவில்காரர் கோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கடைசி அடியை இவர் அடிக்கவேயில்லை மகாராஜா" என்றான் மெய்க்காவலன்.

"அட, எனக்கும் கேட்டதே!" என்றான் ராஜா.

"செக்கு எதையும் எதிர்பார்க்காது மகாராஜா" என்றார் மந்திரி. "நம் தலை அப்படியில்லை. இதுவரை கேட்டதை வைத்து அடுத்து வரப்போவதைத் தானாகவே போட்டுக்கொள்ளும். சில சமயம் வராததையும் வந்ததாகச் சொல்லிவிடும். மாசானம் வருஷக்கணக்காக, வானம் வெளுத்ததும் முரசு கேட்டவன்."

ராஜா மாணிக்கவரதர் பக்கம் திரும்பினான். "என்ன ஐயா, உம்முடைய சட்டப்படி வண்டி கட்டச் சொல்லட்டுமா?"

அவர் தடாலென்று காலில் விழுந்தார். "நான் பொய் சொல்லவில்லை மகாராஜா! நிஜமாகவே கேட்டது!"

மந்திரி வாய் திறக்குமுன் மாசானம் கைகூப்பிச் சொன்னான்: "ஐயா சொல்றது நெசம் ராசா. அப்படித்தான் கேக்கும்."

ராஜாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சட்டம் அங்கேயே ரத்தானது. மந்திரிக்கு முத்துமாலை, மாசானத்துக்குப் பழைய வேலை. மாணிக்கவரதர் மட்டும் தலை நிமிரவில்லை. தான் துரத்தச் சொன்ன ஆளே தனக்காகப் பேசியதை அவரால் தாங்க முடியவில்லை.