மீன் பார்க்காத நரம்பு

மேகத்துக்கும் தண்ணீருக்கும் எல்லை தெரியாத காலத்திலே, மலைமேல் ஓர் ஏரி இருந்ததாம். அங்கே எஸ்டேட் முதலாளியின் படகைத் துடுப்புப் போட்டு ஓட்டியவள் செம்பாயி.

ஒரு விடியலில் முதலாளி பளபளக்கும் தூண்டில் ரீலோடு வந்து படகில் ஏறினார்.

"இதிலே ஒரு நரம்பு சுத்து. இந்தப் பனியிலும் என் கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியணும், மீன் கண்ணுக்குத் தெரியவே கூடாது. முடியலைன்னா நாளையிலிருந்து படகுக்கு வேற ஆளு."

"ஆகட்டுங்க ஐயா."

அவள் ரீல் நிறைய மஞ்சள் நைலான் நரம்பைச் சுற்றினாள்.

"மீனெல்லாம் குருடுன்னு நினைச்சியா?" என்று சிரித்தார் முதலாளி.

செம்பாயி மஞ்சளின் நுனியில் நிறமே இல்லாத நரம்பை இரண்டு ஆள் நீளத்துக்கு இணைத்து, முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்கினாள். முதலாளி தூண்டிலை வீசினார். பனிக்குள்ளே மஞ்சள் நரம்பு வெயில் கீற்றுபோல் மிதந்தது. மெல்ல அசைந்தது. வெடுக்கென்று இழுபட்டது. கனவிலிருந்து விழுந்ததுபோல ஒரு பெரிய மீன் படகில் வந்து துள்ளியது.

"ரெண்டு நரம்பை ஒட்டி ஏமாத்தறியா?"

"மீன் நுனியைத்தானே ஐயா பார்க்குது? நீங்க கையில இருக்கறதை மட்டும்தானே பார்க்கறீங்க?"

படகு கரை சேரும்வரை முதலாளி அந்த முடிச்சையே தடவிப் பார்த்தார்.

"படகை நீயே ஓட்டு," என்று முனகி, மீனை மறந்து கரையேறிப் போனார்.

செம்பாயி படகைக் கட்டினாள். மீனைத் தோளில் போட்டுக்கொண்டு பனிக்குள் நடந்து போனாள்.